கதிரையும் குடிமையும்: அரியாலைச் சலூன்களை முன்வைத்து ஒரு மறுப்பு

அரியாலையிலிருந்து புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலோ பாரிசிலோ வாழும் ஒருவர் நீண்ட காலத்தின் பின் ஊர் திரும்பும்போது செய்யும் காரியங்கள் சில ஏறத்தாழச் சடங்குகளாகவே ஆகிவிட்டன. கோயிலுக்குப் போவார். படித்த பள்ளிக்கூடத்தின் மதிலோரம் நின்று பார்ப்பார். மாம்பழம் சந்தியில் இறங்கிப் படம் எடுப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சிறுவயதிலே தகப்பனாரின் சைக்கிள் பாரில் இருந்து சென்ற சலூனைத் தேடிப் போவார். கடை அங்கேயே இருக்கும். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் இரசம் உரிந்திருக்கும். வாங்கு அதே வாங்கு. சின்னப் பிள்ளைகளை உயர்த்தி இருத்துவதற்காகக் கதிரையின் இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே வைக்கும் பலகையும் சுவரிற் சாய்ந்தபடி இருக்கும். வந்தவரின் கண் கலங்கும். திரும்பிப் போன பின்னர் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுமலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை எழுதுவார்.

அந்தக் கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. குட்டிகுரா பவுடரின் மணம், கத்தரிக்கோலின் ஓசை, அரசியல் அலசல், நாட்டுப்புறத்து நகைச்சுவை, எல்லாரையும் அறிந்த ஒரு கிழவர் என்பன தவறாமல் இடம்பெறும். இறுதியிலே, அன்று ஊர் ஒன்றாக இருந்தது, இன்று யாவும் சிதைந்துவிட்டன என்ற பெருமூச்சு வரும். இங்குள்ள பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளும் இந்தப் பெருமூச்சை மாதம் ஒருமுறை அச்சிட்டுக் கொள்கின்றன. பழைய சலூனின் கவர்ச்சி மெய்யானது. அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அக்கவர்ச்சிக்கு மேற்படி எழுத்தாளர்கள் கூறும் காரணம் பொய்யானது. அது அறியாமையிற் பிறந்த பொய்யுமன்று. வசதியாக மறந்துவிட்ட ஒரு வரலாற்றின் மீது விரித்த வெள்ளைத் துணி அது.

சலூன் ஒரு பழைய கிராமிய நிறுவனம் என்பதே இப்பொய்யின் அடித்தளம். உண்மையோ நேர்மாறானது. யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் பழைமையோடு முரண்பட்டு, அதனை ஓரளவுக்கு உடைத்துக்கொண்டு எழுந்த நவீன நிறுவனமே சலூன். பழைமை என்று எதனையேனும் சுட்ட வேண்டுமாயின், சலூனுக்கு முன்னர் இருந்த முறையையே சுட்ட வேண்டும்.

அம்முறைக்குப் பெயர் குடிமை. வேளாளர் வீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டு செய்யக் கட்டுப்பட்டிருந்த சாதியினர் குடிமக்கள் எனப்பட்டனர். நாவிதர் அவர்களுள் ஒருவர். அவர் குறித்த நாளிலே பெட்டியுடன் வீட்டுக்குச் செல்வார். படலையைத் தாண்டி முன்விறாந்தையில் ஏற இயலாது. கோடிப்புறத்திலோ மரநிழலிலோ காத்திருப்பார். வீட்டுக்காரர் பலகையொன்றில் அமர்ந்துகொள்ள, நாவிதர் குந்தியிருந்தோ குனிந்து நின்றோ வேலை செய்வார். கூலி அன்றன்று காசாகக் கிடைப்பதில்லை. அறுவடைக் காலத்து நெல்லாகவும், நன்மை தீமைகளிற் கிடைக்கும் அரிசி காய்கறியாகவும், பழைய வேட்டியாகவும் அது வரும். எவ்வளவு என்பதைத் தருபவரே தீர்மானித்தார். பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது, மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது, மரண வீட்டிற் கொள்ளி வைப்பவருக்கு முகவழிப்புச் செய்வது, சுடலையிற் கொள்ளிக்குடத்தைக் கொத்துவது என ஒரு குடும்பத்தின் பிறப்பிலிருந்து சாம்பல் வரை அவர் கைபடாத கட்டம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் பந்தியில் அவருக்கு இலை இல்லை.

குடிமகன் என்ற சொல்லை இவ்விடத்தில் நின்று பார்ப்பது தகும். இன்று அரசியல் விஞ்ஞான விரிவுரையிலே குடிமகன் என்றால் உரிமை பெற்ற ஒருவன். அரசை நோக்கிக் கேள்வி கேட்கத் தகுதியுடையவன். தமிழ் அகராதிகளிலோ அச்சொல்லுக்கு நாவிதன் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு மொழியின் ஒரே சொல், உரிமையுடையவனையும் உரிமை மறுக்கப்பட்டவனையும் ஒருங்கே குறிக்கின்றது. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலே யாழ்ப்பாணத்து நாவிதர் நடந்து கடந்த தூரத்தில் ஒரு முக்கியமான கட்டந்தான் சலூன்.

மருத்துவத்திலும் இவ்வாறே. யாழ்ப்பாணத்திலே நாட்டு வைத்தியரைப் பரியாரி என்பர். நாவிதரையும் பரியாரி என்றழைக்கும் வழக்கு உண்டு. நாவிதத் தொழிலும் சத்திர வைத்தியமும் ஒன்றாக இருந்த காலத்தின் எச்சம் அது. ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. லண்டனில் 1540 இல் நாவிதரும் சத்திர வைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745 இலேதான் பிரிந்தனர். நவீன சத்திர வைத்தியத்தின் முன்னோடியாகக் கருதப்படும் பிரெஞ்சுக்காரரான அம்புறோவாஸ் பாரே நாவிதரிடம் தொழில் பழகி வந்தவர். அங்கே பிரிந்த பின்னர் சத்திர வைத்தியர் உயர்ந்தார். நாவிதரும் ஒரு கைவினைஞராக நின்றார். இங்கோ சாதி என்ற ஒன்று குறுக்கே இருந்தமையால், வைத்தியப் பெருமை ஒருபுறம் போய்விட, தீட்டு மட்டும் நாவிதரிடம் எஞ்சியது.

இந்தப் பின்னணியிலே சலூன் செய்த காரியத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலே முதலில் யாழ்ப்பாண நகரத்துத் தெருக்களிலும் பின்னர் ஊர்ச் சந்திகளிலும் சலூன்கள் தோன்றின. அவற்றின் வருகையால் நிகழ்ந்த முதல் மாற்றம் கால்களைப் பற்றியது. அதுவரை நாவிதர் நடந்து போனார். இப்பொழுது வீட்டுக்காரர் நடந்து வந்தார். படலைக்கு வெளியே காத்திருந்தவர் கடைக்குச் சொந்தக்காரர் ஆனார். படலைக்கு உள்ளே இருந்தவர் வாங்கிலே தமது முறைக்குக் காத்திருந்தார். நெல் போய்க் காசு வந்தது. விலை எழுதிய அட்டை சுவரில் ஏறியது. குந்தியிருந்து செய்த வேலை நிமிர்ந்து நின்று செய்யும் வேலையாயிற்று. வந்தவரின் தலையை நிமிர்த்தவும் சரிக்கவும் பணிக்கவும் உரிமை பெற்ற ஒருவராக நாவிதர் நின்றார். "நயினார்" என்ற விளி மெல்ல மெல்ல வாயிலிருந்து கழன்றது. இன்று அரியாலையின் எந்தச் சலூனிலும் கேட்பது "அண்ணை, அடுத்தது ஆர்?" என்பதே. இந்த "அண்ணை" ஒரு சிறு சொல். ஆனால் அந்தச் சிறு சொல்லைப் பெறுவதற்கு எத்தனை பேர் எத்தனை காலம் மனம் வெந்தனர் என்பதை நினைவுக் கட்டுரையாளர் எண்ணுவதில்லை. அவர் நினைவில் இருப்பது பவுடரின் மணமே.

1930 அளவிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற பணிப்பு வந்தபோது, அதனைப் பொறுக்கமாட்டாத சைவப் பெருமக்கள் எழுப்பிய கூச்சலும் பாடசாலைகள் எரியூட்டப்பட்ட செய்தியும் வரலாற்று மாணவர் அறிந்தவை. ஒரு பிள்ளை நிலத்திலன்றி வாங்கில் இருப்பது அத்தனை பெரிய புரட்சியாக இருந்தது. அதே யாழ்ப்பாணத்திலே, ஒரே கதிரையில் ஒருவர் எழும்ப மற்றவர் இருக்கும் இடமாகச் சலூன் அமைந்தது. ஆகவே அக்கதிரை வெறும் தளபாடமன்று.

எனினும் சலூனை ஒரு புனித தலமாக்கிவிடுவதும் பொய்யாகும். யார் எழும்ப யார் இருந்தார் என்று கேட்க வேண்டும். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதியினருள் நாவிதரும் ஒருவர். ஆயினும் அவர் பள்ளருக்கும் நளவருக்கும் முடி வெட்டலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் உயர்த்தப்பட்ட சாதியினர் அவருடைய கத்தியைத் தொடமாட்டார்கள், பிழைப்புப் போய்விடும். இக்கட்டுப்பாடு சலூன்களுக்குள்ளும் நுழைந்தது. தேநீர்க் கடையிலே தனிக் குவளையும் போத்தலும் இருந்தமை போன்று, சலூன் கதிரையும் சிலருக்கு மூடப்பட்டே இருந்தது. ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை விலக்கிவைப்பது யாழ்ப்பாணச் சாதியமைப்பின் கைதேர்ந்த வித்தை. 1957 இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஏறியதாற் கதவு திறந்துவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது பொலிசாரின் தடி விழுந்த பின்னரும், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நடத்திய போராட்டங்களின் பின்னருமே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்று ஊர் ஒன்றாக இருந்தது என்று எழுதுபவர், அந்த ஊரில் யார் யாரை எண்ணினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இனி, சலூனின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? அதைச் சொல்வதற்கு அரியாலையின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்தின் கிழக்கு வாசலில் கண்டி வீதியை ஒட்டி நீண்டு கிடப்பது இவ்வூர். மேற்கே நகரம், கிழக்கே செம்மணி வெளி, தெற்கே கடல் நீரேரி. வீதியோரத்தில் உத்தியோகத்தரும் வர்த்தகரும், உள்ளே தோட்டக்காரரும், நாவலடி, பூம்புகார்ப் பக்கமாகக் கடற்றொழிலாளரும் என, ஒரே பெயரின் கீழ்ப் பல உலகங்கள். நாடகத்திலும் விளையாட்டிலும் பெயர் பெற்ற ஊர்தான். ஆயினும் இவ்வுலகங்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் மிகச் சிலவே. கோயிலில் உபயகாரர் யார் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. சனசமூக நிலையத்துக்கு அந்தந்தக் குறிச்சி. வாசிகசாலையில் வாய் திறக்கலாகாது. தேநீர்க் கடையில் ஒரு தேநீரேனும் வாங்காமல் நெடுநேரம் இருக்க இயலாது. சலூனில் மட்டுமே ஒரு மனிதன் ஒன்றும் வாங்காமல், ஒன்றும் பேசாமல், அல்லது ஓயாமற் பேசிக்கொண்டு, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, கூட்டம் அதிகம், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போகலாம். அவரை ஒருவரும் ஏன் வந்தீர் என்று கேளார். காத்திருப்பது அங்கே நியாயமான தொழில்.

காத்திருப்பவர் கையிற் பத்திரிகை இருக்கும். 1959 இல் ஈழநாடு வெளிவரத் தொடங்கிய காலத்திலும், 1985 இல் உதயன் வந்த பின்னரும், வீட்டுக்கு ஒரு பத்திரிகை வாங்க வசதியற்றோர் செய்தி அறிந்தது சலூன் வாங்கிலேதான். எழுத்தறியாதவருக்கு எவரேனும் உரக்க வாசித்தார். வாசித்ததை மறுக்க ஒருவர் இருந்தார். கதிரையில் இருப்பவர் மட்டும் பேசலாகாது. கழுத்தில் கத்தி இருக்கிறது. எத்தனை பெரிய மனிதராயினும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு மற்றவர் பேசுவதைக் கேட்க வேண்டிய ஒரே இடம் யாழ்ப்பாணத்தில் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. விரிவுரையாளர்களுக்கும் இது பொருந்தும்.

கழுத்தைக் கத்திக்குக் கொடுப்பது என்பது சிறிய நம்பிக்கையன்று. இதிலேதான் பழைய யாழ்ப்பாணத்தின் முழு முரண்பாடும் அடங்கியிருந்தது. நாவிதரின் கையிலே குரல்வளையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டவர், அவருடைய வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மறுத்தார்.

இந்தத் தண்ணீரைப் பற்றி எழுத ஒரு சலூனிலிருந்தே ஒருவர் வந்தார். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்த டொமினிக் ஜீவா 1927 இற் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மீது கொண்ட பற்றினால் அவர் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். தண்ணீரும் கண்ணீரும் என்ற அவரது சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஓகஸ்டில் அவர் மல்லிகையை ஆரம்பித்தார். சலூனே அதன் காரியாலயமாயிற்று. எழுத்தாளர்கள் வந்தமர்ந்து விவாதித்த இடம் முடி வெட்டும் கதிரைகளின் பக்கத்து வாங்கு. கைப்பிரதியும் அச்சுத் தாளும் கத்தரிக்கோலும் ஒரே மேசையிற் கிடந்தன. இதழைத் தாமே சுமந்து சென்று தெருத்தெருவாக விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சஞ்சிகை வெளிவந்தது. 2021 சனவரியில் அவர் காலமானார். ஈழத்து இலக்கிய வரலாற்றை எவர் எழுதினும், ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு ஒதுக்கும் பக்கங்களை விட அதிகமான பக்கங்களை அந்தச் சலூனுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். தாம் செய்த தொழிலை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை என்பதும், இறுதிவரை அதனை ஓங்கிச் சொன்னார் என்பதும் இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வேண்டியவை.

பல்கலைக்கழகங்களிலே இன்று பொதுவெளி என்ற சொல் பெருவழக்காகியிருக்கிறது. ஜேர்மானிய அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸ் 1962 இல் எழுதிய நூலின் வழியாக, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் கோப்பிக் கடைகளையும் பாரிசின் சலோன்களையும் பற்றி இங்குள்ள மாணவர் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். கோப்பிக் கடையிற் பிரபுவும் வணிகனும் ஒரே மேசையில் இருந்து பத்திரிகை படித்து விவாதித்தனர். அதிலிருந்து பொதுசன அபிப்பிராயம் பிறந்தது என்பது அக்கோட்பாட்டின் சுருக்கம். நல்லது. பாரிசின் சலோன் என்ற அதே சொல்லே ஆங்கிலத்தின் வழியாகச் சலூனாகி யாழ்ப்பாணத்துப் பெயர்ப்பலகையில் ஏறியது என்பதும், சீமாட்டியின் வரவேற்பறையைக் குறித்த அச்சொல் இங்கே ஒரு குடிமகனின் கடைக்குப் பெயராகி, அங்கே செய்ததை விடக் கடினமான ஒரு வேலையைச் செய்தது என்பதும் அந்தப் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. லண்டனைப் பற்றி எழுதினால் ஆய்வு. கஸ்தூரியார் வீதியைப் பற்றி எழுதினால் அனுபவக் குறிப்பு. இப்பாகுபாடு எந்தக் குடிமை முறையின் எச்சம் என்பதைத் துறைத் தலைவர்கள் சிந்திக்கலாம்.

தமிழகத்தில் இதனைச் சிந்தித்தவர் தூத்துக்குடியில் ஒரு சலூன்காரரே. பொன். மாரியப்பன் என்ற அவர் தம் கடையிலே நூலகம் அமைத்து, காத்திருப்போர் புத்தகம் படித்தாற் கட்டணத்திற் சலுகை கொடுத்தார். 2020 இல் இந்தியப் பிரதமர் வானொலியில் அவரோடு உரையாடியபோது நாடு முழுவதும் வியந்தது. வியப்பதற்கு என்ன இருக்கிறது? திராவிட இயக்கம் வளர்ந்த காலத்திலே தமிழகத்தின் சலூன்கள் படிப்பகங்களாகவே இருந்தன. முடி வெட்டுபவர் புத்தகம் வைத்திருப்பது வியப்புக்குரியது என்ற எண்ணமே ஒருவித இகழ்ச்சியாகும்.

பழைய சலூன் நிலைப்பதற்குக் காரணம் மலிவு ஒன்றே என்று வாதிடுவோரும் உளர். பொருளாதாரத்தை முதன்மையாகக் கொள்வோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் இவர்கள் அரியாலைச் சலூன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் பார்த்ததில்லை போலும். வாசலில் நிற்கும் மோட்டார் வாகனங்களே இவ்வாதத்துக்குப் பதில். நகரத்துக் குளிரூட்டிய அழகு நிலையத்திற்குச் செல்ல வசதியுடையோரும் இங்கே வருகின்றனர். சுகாதாரம் பற்றிய வாதம் இதனினும் கனமானது. தோல்வாரிலே தீட்டிய ஒரே சவரக்கத்தி எல்லாக் கன்னங்களிலும் ஓடிய காலம் போய்விட்டது. ஆளுக்கொரு புது பிளேட் என்பது வந்திருக்கிறது. வர வேண்டியதே. பழைய கத்திக்காகக் கண்ணீர் விடுவோர் படிகாரக் கட்டியின் எரிவை மறந்தவர்கள்.

நிலைபேற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. அது இந்தக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றோடு பிணைந்தது. 1990 முதல் ஐந்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. தொழில்கள் பல படுத்துவிட்டன. ஆனால் ஒரு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், கைமெசின், வாசல்வழி வரும் வெளிச்சம் என்பன போதுமாயிருந்த சலூன் திறந்திருந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கண்டி வீதியை நிறைத்து, அரியாலையையும் செம்மணியையும் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்தபோது, சலூன்காரரின் மூட்டைக்குள்ளும் அந்தப் பெட்டி இருந்தது. தென்மராட்சியின் மரநிழல்களிலே அது மறுபடி திறந்தது. காலத்தின் முரண்நகை, கடைக்காரரை மீண்டும் மரநிழலுக்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் இம்முறை அவருக்கு முன்னால் இருந்தவரும் வீடிழந்து நிலத்தில் இருந்தார். ஊர் திரும்பியவர்களுக்கு, கூரை போன வீடுகளின் நடுவே, எவர் எங்கே இருக்கிறார், எவர் இல்லை என்ற செய்தி கிடைத்த முதல் இடங்களுள் ஒன்று சலூன். 2022 இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்து, நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோதும், மின்மெசினையும் குளிரூட்டியையும் நம்பிய கடைகள் இருளில் இருக்க, பழைய கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கவர்ச்சி என்று அழைப்பதா, கைத்தொழிலின் வலிமை என்று அழைப்பதா என்பது பெயர் வைப்பவரின் விருப்பம்.

உலகின் மறுகோடியிலும் இவ்வலிமை அறியப்பட்டிருக்கிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே கறுப்பின மக்களின் 52 சலூன்களை நிலைக்களமாகக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. உயர் இரத்த அழுத்தமுள்ள 319 ஆண்கள் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்குச் சலூனிலேயே மருந்தாளர் வந்து மருந்து வழங்கினார். மறுபகுதியினருக்கு நாவிதர் அறிவுரை கூறி வைத்தியரிடம் செல்லத் தூண்டினார். ஆறு மாதத்தில் முதற் பகுதியினரின் மேல் இரத்த அழுத்தம் சராசரி 27 அலகு குறைந்தது. மற்றவர்க்கு 9 அலகு அளவே. வைத்தியசாலையை நம்பாத மனிதன் தன் நாவிதரை நம்புகின்றான் என்பதை அமெரிக்கர் ஆய்வு செய்து கண்டனர். பரியாரி என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்த சமூகமோ அதை ஒரு வசையாக மாற்றி வைத்திருக்கிறது.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. சலூனை நேசிப்பவர் பலர். சலூன்காரரை மதிப்பவர் சிலர். கடையில் "அண்ணை" என்று அழைப்பவர், வீட்டுக்கு வந்தபின் மகனின் ஒழுங்கற்ற எழுத்தைப் பார்த்து என்ன சொல்லி ஏசுகிறார் என்பது யாவரும் அறிந்தது. பல்கலைக்கழக விடுதிகளிலும் அந்த வசைச்சொல் நகைச்சுவையாக உலவுகின்றது. சாதி இப்பொழுது எங்கே இருக்கிறது என்று கருத்தரங்கிலே கேட்டுவிட்டு வந்தவர்களே அதற்குச் சிரிக்கின்றனர். தன்தொழில் செய்யும் சலூன்காரருக்கு மாதச் சம்பளமில்லை; ஊழியர் சேமலாப நிதியில்லை; நாள் முழுவதும் நின்றே வேலை செய்வதால் வரும் கால் நரம்பு வீக்கத்துக்கும் முதுகு வலிக்கும் விடுமுறை இல்லை. நினைவுக் கட்டுரைகளிற் கிழவர் எப்பொழுதும் சிரித்த முகத்தோடு நிற்பார். அவருடைய கால்களைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை.

ஊர் திரும்பியவரின் இரண்டாவது வருகையோடு இந்த நேசத்தின் எல்லை வெளிப்பட்டுவிடுகிறது. தகப்பனார் இறந்துவிட்டார் என்று அவசரமாக விமானம் ஏறி வருகிறார். செத்தவீடு முறைப்படி நடக்க வேண்டும். சலூன்காரருக்கு ஆள் அனுப்பப்படுகிறது. முகவழிப்புக்கு வர வேண்டும், சுடலையிற் கொள்ளிக்குடம் கொத்த வேண்டும். கடையில் இருக்கும் இளைஞர், அது எங்கள் வேலையில்லை, முடி வெட்டுவதென்றால் கடைக்கு வரச் சொல்லுங்கள் என்று மரியாதையாகவே மறுக்கிறார். உடனே வீடு கொதிக்கிறது. காசு எவ்வளவும் தரலாம் என்கிறார் ரொறன்ரோக்காரர். காசுக்கு விற்கப்படாத ஒன்றைத்தான் அந்த இளைஞர் மறுத்தார் என்பது அவருக்கு விளங்குவதில்லை. சில மாதங்களுக்கு முன் கண்கலங்கி எழுதிய அதே கையால், ஊரிற் பழைய மரியாதைகள் போய்விட்டன என்று இன்னொரு கட்டுரை எழுதுகிறார். அவர் தேடியது சலூனையா, சலூனுக்கு முந்திய கோடிப்புறத்தையா?

அந்த மறுப்பே சலூனின் உண்மையான தொடர்ச்சி. நடந்து போவதை நிறுத்திக் கடை திறந்த பாட்டனாருக்கும், சுடலைக்குப் போக மறுக்கும் பேரனுக்கும் இடையில் ஒரே கோடு ஓடுகிறது. அரியாலையின் பழைய சலூன் பேணப்பட வேண்டும் என்று விரும்புவோர் முதலில் இந்தப் பேரனின் பக்கத்தில் நிற்க வேண்டும். முகவழிப்புச் சடங்கு வேண்டுமாயின் உறவினர் தாமே செய்யட்டும். கொள்ளிக்குடத்தைக் கொத்துவதற்குச் சாதியொன்றின் கை வேண்டும் என்று எந்தக் கடவுளும் கேட்கவில்லை. தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்ற மேடையிலிருந்து சற்று இறங்கி, யாழ்ப்பாணத்துச் சலூன்களின் வரலாற்றை அந்தத் தொழிலாளர் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாயாற் கேட்டுப் பதிவு செய்யட்டும். எழுபது, எண்பது வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். முதல் முறை ஒடுக்கப்பட்ட ஒருவர் கடைக்குள் வந்து கதிரையில் அமர்ந்த நாளை நேரிற் கண்டவர்கள் அவர்கள். அந்த நாளை எவரும் இதுவரை அவர்களிடம் கேட்கவில்லை.

கேட்கச் செல்வோர் வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. பல்கலைக்கழக அனுமதிப் படிவத்திலே தந்தையின் தொழில் என்று ஒரு கூடு உண்டு. அதில் வியாபாரம் என்று எழுதிவிட்டு, விடுமுறைக்கு ஊர் சென்றதும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்கத் தகப்பனாரின் கடையிலே வெள்ளைத் துணியை உதறி, அடுத்தவரின் கழுத்திற் கட்டும் மாணவர்கள் இதே வகுப்பறைகளில் இருக்கின்றனர்.